முள்ளைக் கேட்பார் யார்?

"முள்மேல் சேலை விழுந்தாலும், சேலைமேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான்" என்னும் பழமொழியைக் கேளாமல் வளர்ந்த பெண் நம் பக்கத்தில் இருக்க முடியாது. தாவணி போட்ட காலத்தில் நம் பாட்டிமாருக்கு இது சொல்லப்பட்டது. கையில் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கும் இதுவேதான் சொல்லப்படுகிறது. ஒரு பெண் கல்யாண வீட்டில் கையில்லாத ரவிக்கை அணிந்து எடுத்துக்கொண்ட படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் அறியாதவர்கள் வந்து அதன் கீழே காது கூசும் சொற்களை எழுதுகிறார்கள். யாரோ ஒருவன் படத்தைச் சேமித்து, ஏளனமாக ஒரு வரி சேர்த்து, பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறான். செய்தி வீட்டுக்கு எட்டியதும் எழும் முதற்கேள்வி என்ன? "அனுப்பியவன் யார்?" என்று எவரும் கேட்பதில்லை. "நீ ஏன் போட்டாய்?" என்றே கேட்கிறார்கள்.

தோழியரே, இந்தப் பழமொழியை நம் ஊர்ப்பக்கத்து நெசவாளர் வீட்டில் வைத்துச் சற்றே சோதித்துப் பார்ப்போம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற நமது திருமுக்கூடலிலிருந்து வாலாஜாபாத், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, காஞ்சிபுரம் என்று போனால் இன்னும் தறிச் சத்தம் கேட்கின்ற தெருக்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்ற பட்டு அங்கே நெய்யப்படுகிறது. பாவு இழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுகிறது என்றால் நெசவாளர் என்ன செய்வார்? "நீ ஏன் இத்தனை மெல்லியதாய் இருக்கிறாய்?" என்று பட்டிடம் கோபித்துக்கொள்வாரா? அச்சில் ஏதேனும் ஒரு பல் சொரசொரப்பாக இருக்கிறதா, நாடாவின் முனையில் பிசிறு தட்டுகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அதைச் சரி செய்த பிறகே அறுந்த இழையைப் பிணைத்துவிட்டு மறுபடி மிதிக்கட்டையில் கால் வைப்பார். பட்டு மெல்லியது என்பது அதன் குற்றமா? அதற்காகத்தானே இத்தனை விலை கொடுத்து வாங்குகிறார்கள்!

பழமொழி சொல்லும் பெரியவர்கள் முள்ளை வெயிலைப் போல, மழையைப் போல, யாரும் ஒன்றும் செய்ய இயலாத பொருளாக வைத்துவிட்டார்கள். படத்தைத் திருடி அனுப்பியவன் அப்படிப்பட்ட இயற்கைப் பொருள் அல்லன். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது; ஒரு கைப்பேசி எண் இருக்கிறது. பல சமயம் நமக்குத் தெரிந்த தெருவிலேயே ஒரு வீடும் இருக்கிறது.

"எதற்கு இந்த வம்பு? படமே போடாமல் இருந்துவிட்டால் போகிறது" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டார்கள் போலும். நெசவுத் தொழில் நடக்கும் ஓர் ஊரைச் சேர்ந்த 21 வயதுப் பெண் அவள். அவளுடைய முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் பரப்பினார்கள். குடும்பத்தார் காவல் துறையிடம் புகார் கொடுத்தார்கள். நடவடிக்கை வருமுன் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்றும், பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்றும் அவள் எழுதி வைத்திருந்ததாகச் செய்தித்தாள்களில் வந்தது. பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். லஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளான காவலர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இளைஞன் ஒருவன் கைதானான். எல்லாம் அவள் போன பிறகு.

அந்தப் பெற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்திலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். நம் பெற்றோரும் அப்படித்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் மட்டுமே அவளுடையது. ஒரு சாதாரண முகப்படம் போதுமானதாக இருந்தது. இன்றோ செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொளியில் பொருத்தி நாடெங்கும் உலவவிட்டார்கள். பள்ளி அடையாள அட்டையில் இருக்கும் நம் படத்தை வைத்தும் இதைச் செய்யலாம். அப்படியென்றால் இனி அடையாள அட்டையும் வேண்டாம் என்பார்களோ?

நிற்க. இங்கே ஒரு பொறி இருக்கிறது; நம்மில் பலர் அறியாமலே அதில் விழுந்துவிடுகிறோம். "பாவம், அவள் ஒரு தவறும் செய்யவில்லை; அது ஒட்டுப் படம்" என்று சொல்லும்போது, மறுபுறம் நாம் சொல்லாமல் சொல்வது என்ன? "உண்மைப் படமாக இருந்தால் அவளுக்கு அது வேண்டியதுதான்" என்பதன்றோ! தான் விரும்பிய உடையில் தானே படம் போட்ட பெண்ணும் உண்டு. நம்பிய ஒருவனுக்கு மட்டும் அனுப்பிய பெண்ணும் உண்டு. அவர்களுக்காகப் பேச யாரும் வருவதில்லை. ஒரு மாணவிக்கு இத்துன்பம் நேர்ந்தால், அவள் நல்ல பெண்ணா இல்லையா என்று முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நல்லவள் என்றால் மட்டும் இரக்கம் காட்டுகிறோம். இந்த இரக்கம் எனக்குப் போதவில்லை.

சட்டம் இந்த இடத்தில் நம் தெருவைவிடத் தெளிவாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் இசைவின்றி எடுப்பதும் பரப்புவதும் குற்றம் என்று அது கூறுகிறது. அதோடு நிற்கவில்லை. படம் எடுப்பதற்கு அவள் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் பரப்பியவன் குற்றவாளியே என்று விளக்கமும் தருகிறது. அதாவது எடுக்கச் சம்மதித்தது வேறு, ஊருக்குக் காட்டச் சம்மதித்தது வேறு. முதல் முறை குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஓராண்டு, அதிகம் மூன்றாண்டுச் சிறை. "நீ ஏன் கொடுத்தாய்?" என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

சட்டம் இருந்தும் நடப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். முன்பு காதலித்தவன் இரகசியமாக எடுத்து வைத்திருந்த காட்சிகள் எத்தனையோ இணையதளங்களில் பரவிக்கிடந்தன. 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. விசாரணையின்போது ஏழு ஆண் காவலர்கள் சூழ்ந்திருக்க, அந்தக் காட்சிகளைப் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னார்களாம். முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயரையும் எழுதிவிட்டார்களாம். நீதிமன்றம் அதைக் கண்டித்துப் பெயரை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இத்தகைய படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்குவதற்கான வழிமுறையை வெளியிட்டது. சட்டம் படித்த ஒருவருக்கே இந்நிலை என்றால், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன்னந்தனியே காவல் நிலையப் படியேறுவாளா?

நீதிமன்றங்களும் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. பாலியல் வழக்குகளில் பிணை வழங்கும்போது பெண்ணின் உடை, நடத்தை ஆகியவற்றைப் பற்றிப் பேசக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டே, 2022 ஆகஸ்டில், கேரளத்தில் கோழிக்கோடு அமர்வு நீதிமன்றத்தில் எழுத்தாளர் ஒருவர் மீதான வழக்கு வந்தது. அவர் தம் பிணை மனுவோடு சேர்த்துத் தந்தது என்ன தெரியுமா? புகார் கொடுத்த பெண்ணின் புகைப்படங்கள்! அவற்றைப் பார்த்துவிட்டு, அப்பெண்ணின் உடை தூண்டும்படியாக இருக்கிறது, ஆகவே பாலியல் தொல்லைப் பிரிவு பொருந்தாது என்று அந்த நீதிமன்றம் எழுதியது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த வாசகத்தை நீக்கியது. ஒரு பெண்ணின் உடை அவளைத் துன்புறுத்த எவருக்கும் உரிமம் ஆகாது என்று கூறியது. நீக்கியதில் மகிழ்ச்சி. ஆனாலும் பாருங்கள், குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்த ஆயுதம் அவளுடைய புகைப்படம். அதைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? நாம்தான் கற்றுக்கொடுத்தோம். திண்ணையிலும், பேருந்திலும், குடும்பக் குழுவிலும் "படத்தைப் பார், எப்படி நிற்கிறாள்" என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுத்தோம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படத்தை வைத்து மிரட்டுகிறவனிடம் இருக்கும் முதல் என்ன? அவன் கைப்பேசியில் உள்ள படம் அன்று. படம் வெறும் படம்தான். "உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்று அவன் சொல்லும்போது, அப்பா தன்னைத்தான் அடிப்பார் என்று அந்தப் பெண் நடுங்குகிறாளே, அந்த நடுக்கம்தான் அவன் முதல். அந்த முதலை அவனுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுப்பவர்கள் நம் வீட்டார்! "அனுப்பு, என் அப்பா உன்னைத்தான் தேடி வருவார்" என்று ஒரு பெண் சொல்ல முடிந்தால் அவன் வியாபாரம் அன்றே படுத்துவிடும்.

பொள்ளாச்சியில் நடந்தது இதற்குச் சான்று. பெண்களை ஏமாற்றி அழைத்துச் சென்று, துன்புறுத்தி, அதைப் படமெடுத்து மிரட்டிய ஒரு கூட்டம், ஒரு பெண் வாய் திறக்கும்வரை அச்சமின்றித் திரிந்தது. மற்றவர்கள் பேசாதது ஏன்? பேசினால் வீட்டிலும் ஊரிலும் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரி 24 அன்று ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தாள். அதற்கு ஊர் கொடுத்த பரிசு: அவள் அண்ணன் தாக்கப்பட்டார், காவல் துறை அதிகாரியே செய்தியாளர் முன்னிலையில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார், அரசாணையிலும் பெயர் வந்தது. அவளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு ஆண்டுகள்! அந்தப் பெண்கள் தங்கள் சொல்லில் நின்றார்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாமல் இருப்பதே முறை. ஆனால் அந்த 48 என்ற எண்ணையாவது நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கதவைப் பூட்டிக்கொள் என்று சொல்வது தவறா?" என்று என் அத்தை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தவறே இல்லை. கணக்கைப் பூட்டி வை, அறியாதவரின் அழைப்பை ஏற்காதே, கடவுச்சொல்லைத் தோழிக்குக்கூடச் சொல்லாதே: இவையெல்லாம் நல்ல புத்திமதிகள், நானே தங்கைக்குச் சொல்கிறேன். ஆனால் புத்திமதிக்கு ஒரு நேரம் உண்டு. காஞ்சிபுரத்துக் கல்யாணங்களில் கழுத்து நிறைய நகையும் சரிகை மின்னும் பட்டுமாகத் தெருவில் ஊர்வலம் போகிறோம். எவளாவது ஒருத்தியின் சங்கிலி பறிபோகிறது. காவலர் வந்து, "இத்தனை நகையை ஏன் வெளியே தெரியும்படி போட்டாய்? நீயே திருடனை அழைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போகிறாரா? மோட்டார் சைக்கிள் எண் என்ன, எந்தப் பக்கம் போனான் என்றுதானே கேட்கிறார்! நகைக்கு இருக்கும் மரியாதை அதை அணிந்த பெண்ணுக்கு இல்லாமற் போவானேன்?

நம் ஊர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் இருக்கும் நீண்ட கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அப்போது இங்கே ஒரு கல்விச்சாலையும், மாணவர்க்கான விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தன என்று அது கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் என்று எல்லாருக்கும் கூலி குறித்திருக்கிறார்கள். மருந்துகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. காயத்தோடு வந்தவனிடம் "நீ ஏன் அந்த வழியே நடந்தாய்?" என்று கேட்பதற்கென்று ஓர் ஆளை நியமித்ததாக மட்டும் எங்கும் காணோம். அந்த வேலையை இன்று ஊரே சம்பளமில்லாமல் பார்க்கிறது.

சொற்களிலும் நாம் கவனம் வைக்க வேண்டும். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சில இளைஞர்களின் அட்டகாசத்தால் உயிரிழந்தபோது தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முதலில் வைத்த பெயரில் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லே இருந்தது. டீசிங் என்றால் கேலி. உயிர் போகும் செயலுக்குப் பெயர் கேலியாம்! பின்னர் அதைத் திருத்திப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் என்று மாற்றினார்கள். 2025 ஜனவரியில் தண்டனையைக் கூட்டி, இணையவழித் தொல்லைக்கும் அது பொருந்துமாறு செய்தார்கள். சட்டம் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. நாம் இன்னும் "அவன் சும்மா கலாய்த்தான்" என்கிறோம்.

தோழியரே, யாருக்கேனும் இந்தத் துன்பம் நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பிய செய்தி, கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண் இருக்கிறது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றமாயின் பெயர் சொல்லாமலும் அதில் பதிவு செய்யலாம். 18 வயது நிரம்பாதவர்கள் 1098-ஐ அழைக்கலாம். போக்சோ சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை, 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படத்திற்கு ஒரு கைரேகை போன்ற குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அப்படம் பரவாமல் தடுக்க உதவுகிறது. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. பெரியவர்களுக்கு இதேபோல் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' உண்டு. மனம் உடைந்து, இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் 14416 அல்லது 104, எந்நேரமும் பேசலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்; முதலில் சொன்னவர் திட்டினால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். இணையப் பாதுகாப்பு என்று பள்ளிகளில் நடக்கும் கூட்டங்களில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, படம் போடாதே, பேசாதே, நம்பாதே என்று ஒரு மணி நேரம் சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்த முறை அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைக்க வேண்டும். மகள் வந்து சொன்னால் முதல் ஐந்து நிமிடம் என்ன பேசுவது, என்ன பேசாமலிருப்பது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அதே கூட்டத்தை ஆண்கள் பள்ளியிலும் நடத்த வேண்டும்; வந்த படத்தை அடுத்தவனுக்கு அனுப்பினால் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு என்று அங்கே கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். மேலே கண்ட எண்களை நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது; யாரும் பாராமல் குறித்துக்கொள்ள அங்கேதான் முடியும்.